முதல் பெயர்

"விடுதிக்குப் புதுசா வந்த பிள்ளையள, தோள்துண்டை இடுப்புல கெட்டி கைகட்டி நிக்க வச்சிருக்கானுவ. நாலு சீனியர் மேல புகார். மொதப் பேரு உங்க மகன்," என்றார் விடுதிக் காப்பாளர்.

மயிலாடியிலிருந்து வந்திருந்த முத்துநாயகம் கூனிப்போய், தம் தோள்துண்டை அறியாமலே இடுப்பில் கட்டினார்.

"ராஜா காலத்துல மேல்சாதிக்காரனுவ எங்களயும் இப்பிடித்தாம்ல நிக்க வச்சானுவ. தலையில துண்டு கெட்ட விடல்ல. நீயுமாலே செய்த?" பக்கத்தில் நின்ற மகன் தர்மலிங்கத்தை அடிக்கக் கை ஓங்கினார்.

"செய்தேன்ப்பா. தப்புதான்."

"பொறுங்க," என்றார் காப்பாளர். "பயந்துபோய் ஒரு பிள்ளையும் வாய் திறக்கல்ல. இந்தப் புகாரை எழுதினது யாருன்னு பாருங்க."

கடைசி வரியில் கையெழுத்து: தர்மலிங்கம்.

முத்துநாயகம் இடுப்புத் துண்டை அவிழ்த்து, உதறி, தலைப்பாகையாகக் கட்டினார்.

"தண்டனைய வாங்கிட்டு வா மக்கா. வாசல்ல நிக்கேன்."