புழு விழாத வயல்

காய்ப்புழு அண்டாதபடி மரபணு மாற்றிய பருத்தியைச் சோதித்துப் பார்க்கக் கம்பெனிக்கு அரசு அனுமதி கொடுத்திருந்தது. எந்த ஊரில், யார் வயலில் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த விதையை எதிர்த்துவந்த, சிந்தனூர்ப் பக்கத்து விவசாயச் சங்கத் தலைவன் ஈரண்ணா தானே கண்டுபிடித்துவிட்டான்.

ஊர்ப் பருத்தியெல்லாம் காய்ப்புழு தின்று சொத்தையாகிக் கிடக்க, சரணப்பாவின் வயலில் மட்டும் ஒரு காயில்கூட ஓட்டையில்லை.

"ஒரு செடி நிக்கக் கூடாதுடா," என்றான் ஈரண்ணா.

சங்கத்து ஆட்களின் அரிவாள்கள் இறங்கின. குறுக்கே ஓடிவந்த சரணப்பாவின் வாயிலேயே தடியால் ஒன்று போட்டான் ஈரண்ணா.

"அண்ணா, இது நாட்டு விதைண்ணா..."

"நாட்டு விதையில புழு விழாதா? யாருக்குடா காது குத்துற?"

அடுத்த அடியில் பல் தெறித்தது. வெட்டிய செடிகளைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஈரண்ணா சரணப்பாவின் தலைமயிரைப் பிடித்து நெருப்பைப் பார்க்க வைத்தான்.

"இப்பவாவது சொல்லு. புழு வராம இருக்கக் கம்பெனிக்காரன் என்ன கொடுத்தான்?"

சரணப்பா ரத்தத்தைத் துப்பினான்.

"போன மாசக் கூட்டத்துல நீங்க சொல்லிக்கொடுத்த வேப்பங்கொட்டைக் கரைசல்தாண்ணா. கம்பெனி விதையே வேணாம், இது போதும்னீங்களே... ஊர்லயே நான் ஒருத்தன்தான் நம்பி அடிச்சேன்."