பத்து மூட்டை உப்பு

"பத்து மூட்டை! பத்து மூட்டை உப்பு வாங்கிக் கொட்டியிருக்கே! அப்போ அந்த மெஷினையும் வாங்கிட்டே, அப்படித்தானே?"

கிறிஸ்துமஸ் காலையில் குப்பைத் தொட்டிக்குள் காலிப் பைகளைப் பார்த்ததும் ஹெதர் கணவனிடம் பாய்ந்தாள்.

இறால் உரித்துக்கொண்டிருந்த டரன் நிமிரவே இல்லை. "நல்ல நாளும் அதுவுமா கத்தாதே. சாயங்காலம் சொல்றேன். அதுவரைக்கும் சும்மா இரு."

எல்லாம் நாத்தனார் லினெட் மூட்டிய தீ. போன வருஷம் இதே நாளில், இவர்கள் வீட்டு நீச்சல் குளத்திலிருந்து கண் சிவக்க ஏறி வந்தாள். "த்தூ, ஒரே குளோரின் நாத்தம்! பிரிஸ்பேன்ல பாதிப் பேர் உப்புத் தண்ணிக்கு மாறியாச்சு. நீங்களும் மாத்துங்க. இல்லேன்னா அடுத்த கிறிஸ்துமஸுக்கு என்னை எதிர்பார்க்காதீங்க!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாற்றுவது என்ன சும்மாவா? உப்பிலிருந்து குளோரின் பிரிக்கிற மெஷினுக்கு இரண்டாயிரம் டாலர். மாட்ட வரும் எலக்ட்ரீஷியனுக்குத் தனியாக அழ வேண்டும். நாலஞ்சு வருஷத்தில் உள்ளே இருக்கும் தகடு தேய்ந்தால் அதற்கு ஒரு எண்ணூறு. வீட்டில் இருந்ததோ மகள் டெஸ்ஸாவின் கோணல் பல்லுக்குக் கிளிப் போடச் சேர்த்த பணம் மட்டும்தான். பதினாலு வயசுப் பெண், வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

"அக்காவுக்குக் கண் எரியக் கூடாது. பெத்த பொண்ணு பல்லு எக்கேடு கெட்டா உனக்கென்ன!"

டரன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

லினெட் கேக்கை மேஜையில் வைத்தாள். உட்காரக்கூட இல்லை. நேரே குளத்துக்குப் பின்னால், மோட்டார் இருக்கும் கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

'சோதனை போடுறாளே மகராசி!' ஹெதர் பல்லைக் கடித்தாள்.

திரும்பி வந்த லினெட், தொபுக்கடீரென்று குளத்தில் குதித்தாள்.

"அடடா, பட்டு மாதிரி இருக்குடா தம்பி! கண்ணே எரியலை. உப்புத் தண்ணின்னா உப்புத் தண்ணிதான்!"

டரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஹெதருக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம், மரியாதைக்காகக் கார் வரை வழியனுப்பப் போனாள். லினெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹெதர், அவனைத் திட்டாதே. கொட்டகையில மெஷினும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய குளோரின் டப்பாவைத் துண்டு போட்டு மூடி வெச்சிருக்கான், திருட்டுப் பய! சும்மா பத்து மூட்டை உப்பைக் கொட்டி என்னை ஏமாத்தப் பார்த்திருக்கான், காலிப் பையெல்லாம் குப்பைத் தொட்டியில கிடக்கு."

"அப்போ... கிளிப்புப் பணம்?"

"அப்படியேதான் இருக்கும், போ."

அப்பாடா! பத்து மூட்டையும் ஒரே நேரத்தில் ஹெதரின் நெஞ்சை விட்டு இறங்கின. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எல்லாம் தெரிஞ்சுமா அண்ணி, பட்டு மாதிரி இருக்குன்னு அப்படிப் புகழ்ந்தீங்க?"

"பின்னே? எனக்காக இந்த வெயில்ல பத்து மூட்டை சுமந்திருக்கானே, பாவம்!" லினெட் கார்க் கதவைத் திறந்தாள். "போன மாசம் டெஸ்ஸா போன்ல, 'அத்தை, எனக்குக் கிளிப் போடப் போறாங்க'ன்னு குதிச்சா. அன்னிலேருந்து என் வாய்க்கொழுப்பை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல. அதான் வந்ததும் வராததுமா ஓடிப்போய்ப் பார்த்தேன். மெஷின் மட்டும் அங்கே இருந்திருந்தா, உங்க குளத்துல காலைக்கூட நனைச்சிருக்க மாட்டேன்!"