ஒரு நாளைக்கு எட்டு கிலோ

"எவ்ளோ எடை ஏத்துவீங்கம்மா?"

சைக்கிள் கடைக்காரர் அன்வர் பாய் கேட்டார். லீமா கட்டைப்பையிலிருந்து ஒரு திரவப் பையை எடுத்துப் புது சைக்கிளின் கேரியரில் வைத்தாள்.

தண்ணீர் போலத் தெளிவு. இரண்டு கிலோ.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

"இது ஒரு நாளைக்கு. இவருக்கு கிட்னி வேலை செய்யல பாய். தெனம் நாலு தடவ வயித்துல விட்டு எடுக்கணும்."

அவள் கணவன் எட்வின் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு யாராவது வந்தால் இந்தப் பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போர்வையைத் தொங்கவிடுகிறவன். இரண்டு வருடமாகத் திருச்சியைத் தாண்டாதவன்.

மெதுவாக சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூம்புகார் வரை மூன்று நாள். போய்ச் சேர்ந்ததும் வாடகை வண்டியில் திரும்புவது.

அவன் தன் பழைய சைக்கிளில், வெறுமனே. சுமை முழுக்க அவள் வண்டியில்.

மூன்று நாளுக்கான பன்னிரண்டு பையும் ஏறின.

அழகான வண்டிதான். ஏறி மிதித்தாள். பின்பக்கம் ஆடியது.

"இந்த கேரியர் இருவத்தஞ்சு கிலோதான் தாங்கும். துணிமணிய எங்க வைப்பீங்க?"

பாய் உள்ளே போய் இன்னொன்றை உருட்டி வந்தார். இரும்பு பிரேம். தடித்த டயர். முன்னாலும் பின்னாலும் கேரியர்.

"இது அம்பது தாங்கும். ஆனா வண்டியே கனம். மேடு வந்தா உங்க பாடுதான்."

பைகளை இருபுறமும் பிரித்துக் கட்டினார்.

அவள் ஏறினாள். ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுத்தது. பிடித்து நிறுத்தினாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள்.

ஆடவில்லை.

முகமெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

எட்வின் அவளைப் பார்த்தபடி நின்றான். பிறகு கிட்டே வந்தான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். சரிந்திருந்த ஒரு பையை நேராக்கிக் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

"பாய், இன்னும் நாலு பை வெச்சா தாங்குமா?"

"தாராளமா."

"மூணு நாளுதானங்க?" என்றாள் அவள்.

அவன் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவ்ளோ தூரம் மிதிச்சுப் போயிட்டு, கடலப் பாத்ததும் திரும்பிடணுமா லீமா?"