பூங்காவுக்குள் ஒரு குறுக்குப் பாதை

நகரத்துப் பூங்காவில் கல் பதித்த பாதை ஒன்று இருந்தது. நீரூற்றைச் சுற்றி, ரோஜாப் பாத்திகளை வளைத்துக்கொண்டு, நிதானமாக வாசலுக்குப் போகும். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? புல்வெளியைக் குறுக்கே மிதித்து மிதித்து ஓர் ஒற்றையடிப் பாதை உண்டாக்கிவிட்டார்கள்.

“வரைபடத்திலேயே உன்னைக் காணோம். இங்கே உனக்கென்ன வேலை?” என்றது கல் பாதை.

“நடக்கிறவங்களைக் கேளுங்கண்ணே” என்றது ஒற்றையடிப் பாதை.

முள்வேலி போட்டார்கள். ஜனங்கள் அதையும் தாண்டிப் போனார்கள். கடைசியில் மாநகராட்சியே இறங்கி வந்து, ஒற்றையடிப் பாதைக்கும் கல் பதித்தது. அழகுக்காக நடுவில் ஒரு வளைவு வைத்தது.

மறுவாரமே அந்த வளைவுக்குக் குறுக்கே புல் நசுங்க ஆரம்பித்தது.

“யாருடா நீ?” என்று அதட்டியது, போன மாதம்வரை மண்ணாகக் கிடந்த பாதை. “வரைபடத்திலேயே உன்னைக் காணோம்!”