எந்த வாளி?

"சருகை ஒதுக்கிட்டுத்தானே மண் எடுக்கிற குழாயை இறக்கினே?"

"ஆமா சார். மேல கிடந்த காய்ஞ்ச இலையை மட்டும் கையால ஒதுக்கினேன். அதுக்குக் கீழே மட்கிப்போன கறுப்பு மண்ணைக் கலைக்கல. அங்கேருந்துதான் ஆழத்தை அளந்தேன்."

சொல்லிவிட்டு அவள் ஆய்வுக்கூட மேலாளரின் மேசையைப் பார்த்தாள். அங்கே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, அவள் காட்டிலிருந்து கொண்டு வந்த மண்ணில் துத்தநாகம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்லும் பரிசோதனை முடிவு. மற்றொன்று, அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு. அதில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இதற்கு முன் இரண்டு இடங்களில் தற்காலிகமாக இருந்து, தற்காலிகமாகவே வெளியே வந்தவள் அவள். இங்கே ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. "இன்னும் தொட்டிச் செடிதானா? எப்போ தரையில நடுவாங்க?" என்று அத்தை வாராவாரம் கேட்கிறாள்.

"எத்தனை இடத்துல எடுத்தே?"

"பதினஞ்சு சார். துத்தநாக முலாம் பூசுற தொழிற்சாலையோட பின்சுவர்லேருந்து காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போனோம். எல்லாமே மரத்தோட தூர்லேருந்து ரெண்டு எட்டு தள்ளி."

"ஆள் நடக்கிற தடத்துல எடுத்தியா?"

"இல்ல சார்."

"கையில மோதிரம் கீதிரம்?"

"கழட்டி வெச்சிட்டேன். முகத்துக்குப் பவுடர்கூட அன்னிக்குப் போடல. அதுலயும் துத்தநாகம் இருக்குமே."

"அடேங்கப்பா," என்றார் மேலாளர். அந்தக் குரலில் பாராட்டு இல்லை.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தராசு. ஒரு பக்கமும் சாயமாட்டார். தும்மினால்கூட இரண்டு பக்கமும் சமமாகத் தும்முவார் என்று டிரைவர் சொல்வார். இன்று அவர் கேட்கும் விதத்தைப் பார்த்தால், கையெழுத்துப் போடாமலிருக்க ஒரு காரணம் தேடுகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"குழாயை ஒவ்வொரு தடவையும் கழுவினியா?"

"முதல்ல பிரஷ், அப்புறம் காய்ச்சி வடிச்ச தண்ணி. நடுவுல ஒரு இடத்துல குழாய் வேர்ல சிக்கிக்கிச்சு. டிரைவர் அண்ணன் கிரீஸ் தடவலாம்னார். நான்தான் கூடாதுன்னுட்டேன்."

"சரி. பதினஞ்சு இடத்து மண்ணையும் எதுல போட்டுக் கலக்கினே?"

அவள் கண் உத்தரவின் மேல் போனது.

மண் எடுக்கப் போன அன்று காலை, காட்டோரத்தில் ஜீப் பின்னால் வந்தபோது பிளாஸ்டிக் வாளி சக்கரத்தில் மாட்டி நொறுங்கிவிட்டது. டிரைவர் வண்டி கழுவும் தகர வாளியைக் கொண்டுவந்து நீட்டினார். "மண்ணுதானே தங்கச்சி, இதுல என்ன பாலா கறக்கப் போறே?" தகரத்தின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அவர்கள் தேடிப் போனதும் துத்தநாகம். திரும்பிப் போனால் அன்றைய வேலை கெட்டது, உத்தரவும் கெட்டது. பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்த அந்த வாளியில்தான் எல்லா மண்ணையும் கொட்டிக் கலந்தாள். வரும் வழியில், "அண்ணே, வாளி விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டாள்.

"பிளாஸ்டிக் வாளி சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பிளாஸ்டிக்தான் சார். படிவத்துலயும் எழுதியிருக்கேன்."

"இல்ல, அவசரத்துல கைக்குக் கிடைச்ச வேற ஏதாவது வாளி..."

"நான் அப்படிப்பட்ட ஆளில்ல சார்."

தராசு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காலையில டிரைவரையும் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் பிளாஸ்டிக்னுதான் சொல்றான்."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்போ என் பக்கம் தப்பு எதுவும் இல்லைதானே சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. சல்லடை போட்டுச் சலிச்சுட்டேன்."

அவர் உத்தரவைக் கையில் எடுத்தார். அவள் தன் பேனாவைத் திறந்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. தாளை மெதுவாக இரண்டாகக் கிழித்தார்.

"சார்..."

"அந்தத் தொழிற்சாலைக்காரங்க நம்ம முதலாளிகிட்ட பேசியிருக்காங்க. மண் எடுத்ததுல தப்பு நடந்திருந்தா இந்த முடிவைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுக்கலாம், பொண்ணு இருந்துட்டுப் போகட்டும்னார். தப்பே இல்லேன்னா, இப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டு நாம பிழைக்க முடியாது, இன்னிக்கே அனுப்பிடுன்னுட்டார். இல்லாத தப்பை எழுத எனக்குக் கை வராது. அதான் நிஜமா ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடைக்காதான்னு உனக்காகத் தேடிக்கிட்டிருந்தேன்."

"சார், அது தகர வாளி சார். பிளாஸ்டிக் வாளி உடைஞ்சு போச்சு. சத்தியமா தகர வாளியிலதான் கலக்கினேன்."

தராசுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேணாம்மா," என்றார். "வேலைக்காகப் பொய் சொல்ற பொண்ணு இல்ல நீ."