தம்பி வீட்டுத் துளை

பழைய சாக்கடைக் குழாய்க்குள் பிசின் பூசினால் வீடுகளின் கழிவுநீர் வந்து விழும் துளைகள் எல்லாம் மூடிப்போகும். ஆள் இருக்கும் வீடுகளின் துளையை மட்டும் இயந்திரத்தை உள்ளே அனுப்பி நான் வெட்டித் திறப்பேன். மதியத்துக்குள் பிசின் பாறையாகிவிடும். வெட்டாமல் விட்ட துளை விட்டதுதான். பின்னால் தெருவைத் தோண்டித் திறக்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது.

தூத்துக்குடியில் அன்று ஒன்பதாம் நம்பர் வீடு பட்டியலில் காலி. ஆனால் பூசுவதற்கு முன் குழாய்க்குள் விட்ட கேமராவில் அந்தத் துளையிலிருந்து தண்ணீர் வந்தது. சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் தண்ணீர். போய்க் கதவைத் தட்டினேன். பக்கத்து எட்டாம் நம்பர் தஸ்நேவிஸ் அண்ணாச்சி உள்ளேயிருந்து வாளியோடு வந்தார்.

"தம்பி வீடும்மா. சண்டை போட்டுட்டுப் போயி பதினாலு வருசமாச்சு. தினமும் ரெண்டு வாளி ஊத்துவேன்."

"தண்ணி ஊத்துனா ஆள் இருக்குன்னு ஆயிருமா?" எனக்கு எரிச்சல். "ஆள் இல்லாத வீட்டுக்குத் திறக்க முடியாது, அண்ணாச்சி."

"வந்தான்னா குளிக்கணும்லா?"

அவர் இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம்மா, என் வீட்டுல நான் ஒத்தை ஆளுதான். என்னோடத அடைச்சிரு. நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

"நீங்க இருந்த வீடு, அண்ணாச்சி..."

"அவன் வந்து தட்டுனா திறக்க ஆள் வேணும்லா."

வண்டிக்குத் திரும்பினேன். பிசின் பூசி முடிந்ததும் எட்டாம் துளையை வெட்டாமல் தாண்டி, ஒன்பதை வெட்டித் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அதன் வழியாகச் சோப்பு நுரை இறங்கி வந்தது.