கப்பலைத் திருப்பிய மேயர்

1994ஆம் ஆண்டு ஒக்ரோபர் 9. நம் தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப் போட்டிக்காக நான் எழுதிக் கொடுத்த உரையை, கஜந்தி என்னும் மாணவி என்னைக் கேளாமலே மாற்றிப் பேசினாள்.

இந்த ஜேர்மனிய ஊரிலிருந்து சென்ற நூற்றாண்டில் அகதியாக அமெரிக்கா போய், வழக்கறிஞராகி, ஒரு நகரின் மேயராகவும் உயர்ந்தவரின் வாழ்க்கையே பேசுபொருள். "மேயரானார்" என்பதோடு நான் முடித்திருந்தேன். அவளோ, "மேயரானதும், அகதிகளோடு வந்த கப்பலைத் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்" என்று முடித்தாள்.

"நான் எழுதினதை ஏன் பிள்ளை மாத்தினனீர்?"

"மாத்தேல்லை, மாஸ்ரர். நீங்கள் விட்டதைச் சேர்த்தனான். நான் உங்களுக்கு வாசிச்சுச் சொன்ன ஜேர்மன் புத்தகத்தில அதுவும் கிடந்ததுதானே."

"நல்ல மனுசனைச் சபையில இப்பிடிச் சொல்லலாமோ?"

"நல்லவர்தான். தானும் கப்பலில வந்தவர் எண்டதை மறந்திட்டார், அவ்வளவுதான்."

நடுவரும் நானே; பத்துப் புள்ளிகளைக் குறைத்தேன். முதற்பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. "எங்கள் அகதி விடுதிக்கு இனிப் புதியவர்கள் எவரையும் அனுப்ப வேண்டாம்" என்று சென்ற மாதம் இந்நகர மேயருக்கு விடுதித் தமிழர் நாம் ஒரு மனுக் கொடுத்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அதை ஜேர்மன் மொழியில் எழுதித் தந்தவள் கஜந்தி. முதற்கையெழுத்து என்னுடையது.

அம்மனுவை மீளப்பெற இன்னொரு கடிதம் வேண்டும். அதிலும் நானே முதலில் கையெழுத்திடுகிறேன். ஆனால், எழுதித் தருமாறு அவளிடம் கேட்க எனக்கு முகமில்லை. அம்மனுவில் என்னோடு கையெழுத்திட்ட முப்பத்திரண்டு பேரே, உங்களில் ஒருவர் போய்க் கேளுங்கள். இம்முறை எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.